சேமிப்பாகிப் போன விடுப்பு
தென்சென்னைப் புறநகரை முன்வைத்து நீண்ட பணி இடைவெளி குறித்து ஓர் ஆய்வு

கேள்வி

தமிழ்நாடு அரசு ஊழியர் ஒருவர் தம் கணக்கில் 240 நாள் வரை ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் உண்டு, திரும்பி வர நாற்காலியும் உண்டு. அப்படிப்பட்ட எட்டு மாத காலம் அது. ஆனால் அந்த விடுப்பை நடு வயதில் எடுத்து ஒரு தொழில் கற்றவர், நாடு சுற்றியவர், நூல் எழுதியவர் என்று தெருவுக்கு ஒருவரைக்கூடக் காட்டுவது கடினம். ஓய்வுபெறும் நாளில் அது பணமாகக் கைக்கு வருகிறது. மகள் திருமணத்துக்கோ வீட்டு மாடிக்கோ போய்ச் சேருகிறது.

அதே புறநகர் ரயிலில் வரும் மென்பொருள் ஊழியருக்கு இப்படிச் சேர்ந்த விடுப்பு கிடையாது. ஓராண்டு நின்று மூச்சுவிட விரும்பினால் அவர் வேலையை விட்டு விலகியாக வேண்டும். அடுத்த பெட்டியில் நிற்கும் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளிக்கு விடுப்பும் இல்லை, விலகி நிற்கச் சேமிப்பும் இல்லை. ஆனால் அவருடைய உழைப்பு வாழ்வில்தான் இடைவெளிகள் மிக அதிகம். ஆர்டர் நின்றபோது, திருமணம் முடிந்தபோது, குழந்தை பிறந்தபோது, மாமியார் படுக்கையில் விழுந்தபோது அவை தாமாக வந்து சேர்ந்தன.

உழைக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு இடையில், முன்கூட்டியே திட்டமிட்டு, சில மாதங்களோ ஓராண்டோ வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பி வருவது யாருக்குச் சாத்தியம்? அதைத் தீர்மானிப்பது மனிதரின் துணிச்சலா, சம்பளத்தின் அளவா, விதிகளா? பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை நீளும் பகுதியை வைத்து இக்கட்டுரை இதை ஆராய்கிறது. 2021இல் மாநகராட்சியான தாம்பரம் அதன் நடுவில் இருக்கிறது. விமானப்படைத் தளம், ரயில்வே, அரசு மருத்துவமனைகள், பழம்பெரும் கல்லூரி, ஏற்றுமதி மண்டலம், மென்பொருள் வளாகங்கள், கார்த் தொழிற்சாலைகள் என்று எல்லா வகை வேலையும் ஒரே தண்டவாளத்தை ஒட்டி இருப்பதால் ஒப்பிட வசதியான இடம் இது.

இதுவரை சொல்லப்பட்டவை

நீண்ட இடைவெளியைப் புகழ்ந்து உலகெங்கும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நியூயார்க்கில் பணியாற்றும் வடிவமைப்பாளர் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் ஏழாண்டுக்கு ஒருமுறை தம் கூடத்தை ஓராண்டு மூடிவிடுபவர். 2009இல் ஆற்றிய உரையில் அவர் ஒரு கணக்குச் சொன்னார்: படிக்க 25 ஆண்டு, உழைக்க 40 ஆண்டு, ஓய்வுக்கு 15 ஆண்டு; அந்தப் பதினைந்தில் ஐந்தை எடுத்து உழைக்கும் ஆண்டுகளுக்கு நடுவே தூவிவிட வேண்டும். கேட்க இனிமையான கணக்கு. ஓய்வுக்கால வருமானம் உறுதியாக இருப்பவருக்கே அது பொருந்தும் என்பது உரையில் சொல்லப்படாத நிபந்தனை.

பல்கலைக்கழகங்களில் இது பழைய வழக்கம். ஏழாண்டுக்கு ஒருமுறை பேராசிரியருக்கு விடுப்பு தரும் முறையை ஹார்வர்ட் 1880இல் தொடங்கியது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் விவிலிய விதி இதற்கு மூலம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும், இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழாண்டு முடித்தவருக்கு ஒரு தடவையில் ஓராண்டுக்கு மிகாமல், பணிக்காலம் முழுவதிலும் ஈராண்டுக்கு மிகாமல் சபாட்டிகல் விடுப்பை அனுமதிக்கின்றன. உதவிப் பேராசிரியர்கள் இதில் வரமாட்டார்கள். சுயநிதிப் பிரிவில் பணிபுரிவோருக்கு இது பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே உள்ள சலுகை.

பயன் பற்றிய ஆய்வுகளில் கவனத்துக்குரியது 2010இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு. சபாட்டிகலில் சென்ற 129 பேராசிரியர்களையும், அவர்களுக்கு இணையான, ஆனால் விடுப்பில் செல்லாத 129 பேரையும் விடுப்புக்கு முன், இடையில், பின் என மூன்று கட்டங்களில் அளந்தார்கள். சென்றவர்களின் நலம் உயர்ந்தது, செல்லாதவர்களிடம் மாற்றமில்லை. வேலையிலிருந்து மனத்தளவில் முழுதும் விலகியவர்களும் வெளிநாட்டில் கழித்தவர்களும் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். சிறு விடுமுறைகளைப் பற்றி 2009இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளோ, அவற்றின் பலன் வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கரைந்துவிடுவதாகக் காட்டின.

இந்த இரண்டையும் சேர்த்து ‘நீண்ட இடைவெளி நல்லது’ என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அந்த 129 பேரும் சம்பளமும் இருக்கையும் பறிபோகாது என்ற உறுதியுடன் சென்றவர்கள். அந்த உறுதியைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. நம் புறநகருக்கு வேண்டிய கேள்வியோ அதுதான்.

ஒரு சட்டத்தின் இரு கிளைகள்

நீண்ட விடுப்பு நம் நாட்டுக்குப் புதிதாக வந்த மேனாட்டு மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேனாட்டிலிருந்து வந்தது உண்மை. வந்து இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது என்பதும் உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1796ஆம் ஆண்டு இராணுவ விதிகள், இந்தியாவில் பத்தாண்டு பணியாற்றிய ஐரோப்பிய அதிகாரிக்கு மூன்றாண்டு ஊதிய விடுப்பை ‘ஃபர்லோ’ என்ற பெயரில் அளித்தன. கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்த காலம். பிறகு குடிமைப்பணி அதிகாரிகளும் மிஷனரிகளும் இதே முறையில் ஊர் போய் வந்தார்கள். இந்தியர்களுக்கு அதே தாராளம் காட்டப்படவில்லை. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள், ஆசியாவைத் தாயகமாகக் கொள்ளாதவர்களுக்குச் சிறப்பு விடுப்பு விதிகள், மற்றவர்களுக்குச் சாதாரண விடுப்பு விதிகள் என்று வெளிப்படையாகவே பிரித்தன. 1933ஆம் ஆண்டின் சென்னை விடுப்பு விதிகள் இந்தப் பின்னணியில் வந்தவை. இன்றைய தமிழ்நாடு விடுப்பு விதிகள் அவற்றின் தொடர்ச்சி.

இதே ஏற்பாட்டின் இன்னொரு கிளை ஆஸ்திரேலியாவில் வளர்ந்தது. விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய காலனிகளில் 1860களில் அரசு அலுவலர்கள் கப்பலேறி இங்கிலாந்து போய் வருவதற்காக நீண்ட பணிக்கால விடுப்பு உருவானது. காரணம் நம்முடையதுதான். அதன் பிறகு வழி பிரிந்தது. அங்கே தொழிற்சங்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1950களில் தனியார் தொழிலாளர்களுக்கும் அது சட்டப்படியான உரிமையானது. பத்தாண்டு ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்கு ஏறத்தாழ இரண்டு மாத ஊதிய விடுப்பு என்பது இன்று அங்கே பொதுவான அளவு. கட்டுமானத் துறையில் முதலாளி மாறினாலும் விடுப்புக் கணக்கு தொழிலாளியோடு கூடவே செல்லும்.

இங்கே அது அரசு அலுவலகத்தின் சுவரைத் தாண்டவேயில்லை. சுவருக்கு உள்ளேயும் அதன் இயல்பு மாறியது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதி 67 சொல்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் மேலதிகாரியின் விருப்புரிமை. காலனிய அரசு தன் சிப்பந்தியை நடத்திய தோரணை அந்த ஒற்றை வரியில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சானடோரியம்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையம். மருத்துவர் டேவிட் சவுரி முத்து 1928இல் இங்கே காசநோயாளிகளுக்கான திறந்தவெளி ஓய்வகத்தைத் தொடங்கினார். காற்று, வெயில், உணவு, மாதக்கணக்கான ஓய்வு ஆகியவையே அன்றைய மருந்து. பின்னர் அரசு ஏற்று நடத்திய அது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இப்பகுதியில் நீண்ட ஓய்வுக்கென்று கட்டப்பட்ட முதல் நவீன நிறுவனம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சவுரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஓய்வகம் நடத்தியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். ராமானுஜனின் வாழ்வில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள நிகழ்ச்சி வேறொன்று. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலையில் சேர்ந்தவரை, அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து ஈராண்டுக்குக் கணிதம் மட்டும் செய்ய விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். வேறு கடமை இல்லை. அந்தக் காலம் முடியும் முன்பே, 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். மேதைமையைப் பற்றிப் பேசுவோர் இந்த ஏற்பாட்டை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். வேலையிலிருந்து விலகி நிற்கச் சொன்னவர்கள் வேலையில் கிடைத்ததைவிட இரண்டரை மடங்கு பணத்தையும் கொடுத்தார்கள் என்பது என் பார்வையில் முக்கியமான செய்தி.

சானடோரியத்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. ஓய்வைத் தெய்வமாக்குபவர்கள் அதை மறைக்கக் கூடாது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓய்வகத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. ‘மெட்ராஸ் ஆய்வு’ என்று உலக மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்ற அதன் முடிவு 1959இல் வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் சத்துக்குறைவாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவாகவே பெற்றார்கள். இருந்தும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து இருந்தால் நீண்ட படுக்கை தேவையில்லை என்று நிறுவி, உலகெங்கும் ஓய்வகங்களின் காலத்தை முடித்துவைத்த ஆய்வுகளில் இது முதன்மையானது.

காசநோய்க்கும் வேலைக் களைப்புக்கும் ஒப்புமை நூலிழை அளவுதான். ஆனாலும் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. ஓய்வு என்பதாலேயே ஓய்வு குணமாக்கிவிடாது. வேலையே நோயாக இருக்கும் இடத்தில் ஓராண்டு விலகிவிட்டு அதே பன்னிரண்டு மணி நேர நாளுக்குத் திரும்பினால் என்ன மாறும்? நீண்ட இடைவெளியை ஆதரிப்பவர் அன்றாட வேலை நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பன்னிரண்டு மணி நேர வேலைக்கான திருத்தம், எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை இங்கே நினைவுகூரலாம்.

சரண்

அரசு ஊழியரிடம் திரும்புவோம். ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. அதில் 15 நாளை ஆண்டுதோறும் அரசிடம் ‘சரண்’ செய்து பணமாக்கிக்கொள்ளலாம். மிச்சம் கணக்கில் ஏறும். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் அரசு இந்தச் சரண் முறையை நிறுத்தியது. முதலில் ஓராண்டுக்கு என்றார்கள், பிறகு மறு உத்தரவு வரும் வரை என்றார்கள். ஜாக்டோ-ஜியோ உள்ளிட்ட அரசு ஊழியர், ஆசிரியர் கூட்டமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் சரண் விடுப்பு நிலையாக இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததையடுத்து அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது மீண்டது.

அந்த ஐந்தாண்டுகளில் ‘எங்கள் விடுப்பை எடுக்க விடுங்கள்’ என்ற முழக்கம் அதே உரத்தில் எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுந்தது ‘விடுப்பை விற்க விடுங்கள்’ என்ற முழக்கம்.

இதை ஊழியரின் பேராசை என்று விளக்குவோர் உண்டு. அது மேலோட்டமான விளக்கம். முப்பது வயதில் ஈட்டிய ஒரு நாள் விடுப்பை வைத்திருந்து ஓய்வின்போது காசாக்கினால், அன்றைய கடைசிச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்த விலை கிடைக்கிறது. இடையில் வரும் ஊதியக் குழுக்கள் எல்லாம் அந்த நாளின் விலையை ஏற்றிக்கொண்டே போகின்றன. வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை: ஓய்வின்போது அரசு ஊழியர் பெறும் விடுப்புப் பணத்துக்கு முழு விலக்கு, பணியில் இருக்கும்போது பெற்றால் வரி உண்டு. தனியார் ஊழியருக்கு 3 லட்சமாக இருந்த விலக்கு வரம்பு 2023இல் 25 லட்சமானது. எடுக்காத விடுப்பைக் கடைசிவரை காத்து வைப்பவருக்கே பரிசு என்று அரசே எழுதி வைத்திருக்கும்போது ஊழியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அலுவலகத்தின் நிலையும் உண்டு. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறையில் ஒருவர் மூன்று மாதம் போனால் அவர் மேசை பக்கத்து மேசைக்காரரின் ‘கூடுதல் பொறுப்பு’ ஆகிவிடும். சக ஊழியரின் தலையில் சுமையை ஏற்றிவிட்டுப் போவதற்குப் பலர் கூசுகிறார்கள். விதியில் இருப்பதை நடைமுறையில் தடுப்பது இந்தக் கூச்சமும்தான். வங்கிகள் இதை வேறு கோணத்தில் புரிந்துகொண்டிருக்கின்றன. முக்கியப் பொறுப்பிலுள்ள ஊழியர்களை ஆண்டுதோறும் குறைந்தது பத்து வேலை நாள் முன்னறிவிப்பின்றிக் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிவுறுத்தியது. விடுப்பே எடுக்காத ஊழியர் மோசடியை மூடி மறைப்பவராக இருக்கலாம் என்பது காரணம். ஊழியரின் நலனுக்காகக் கிடைக்காதது தணிக்கைக்காகக் கிடைத்திருக்கிறது!

அரசுத் துறையில் நீண்ட இடைவெளி உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது: பெண்களின் பராமரிப்பு விடுப்பு. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுப் பணிகளில் உள்ள பெண்களுக்கு, ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008 முதல், பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 2018 முதல் தனித்து வளர்க்கும் தந்தையருக்கும் அது கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு மகப்பேறு விடுப்பை 2021இல் ஓராண்டாக உயர்த்தியது. இவை நல்ல சட்டங்கள். ஆனால் இவற்றை ஓய்வு என்று சொல்பவர் கைக்குழந்தையோடு ஓர் இரவு விழித்துப் பார்த்திருக்க மாட்டார்.

விலகினால்தான் விடுப்பு

தனியார் துறையில் விடுப்பின் அளவு சிறியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று விடுப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை எடுத்துச் செல்லலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஊதிய விடுப்பு 12 நாள், தற்செயல் 12, நோய்க்கு 12 என்று வகுத்தது. எதைக் கூட்டினாலும் ஆறு மாதம் வராது. ஆகவே நீண்ட இடைவெளி வேண்டுமென்றால் ராஜினாமா ஒன்றே வழி.

விடுப்புக்கும் விலகலுக்கும் சட்டத்தின் கண்ணில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். பணிக்கொடைச் சட்டத்தின்படி விடுப்பு, நோய், ஆட்குறைப்புக் காலத் தற்காலிக நிறுத்தம் எதுவும் தொடர்பணியை முறிக்காது. விலகினால் முறியும். வழக்கமான நிரந்தரப் பணியில் ஐந்தாண்டு முடியும் முன் விலகுபவர் இழப்பது ஏறத்தாழ மூன்று மாத அடிப்படைச் சம்பளம். ஓய்வூதியத்தில் இழப்பு சிறிது என்பது பலரும் கவனிக்காத செய்தி. ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்தையே கணக்கில் கொள்கிறது. பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறது. ஆக ஓராண்டு நின்றால் மாத ஓய்வூதியத்தில் குறைவது சுமார் 214 ரூபாய். மென்பொருள் ஊழியரை இது தடுக்காது. பத்தாண்டு முடியும் முன்பு ஓய்வூதியக் கணக்கிலுள்ள பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் பழைய பணிக்காலம் அழிந்துபோகும் என்பதுதான் உண்மையான பொறி.

தடுப்பது வேறு. தாம்பரம், மேடவாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று விரிந்த அடுக்கக வளர்ச்சி மாதத் தவணையின் மேல் நிற்கிறது. எடுத்துக்காட்டாக 40 லட்ச ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். ஓராண்டு வேலையை விட்டு நிற்க, சாப்பாட்டுச் செலவு தொடங்கும் முன்பே 4 லட்சத்து 16 ஆயிரம் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடியும். அதில் சேர்க்கப்பட்டிருந்த வயதான பெற்றோர் அன்றே வெளியே நிற்பார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தவணையை நிறுத்தி வைப்பது முடியாத காரியம் என்று வங்கிகள் சொல்லும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் அதைத்தான் செய்தார்கள். ரிசர்வ் வங்கி அனுமதித்தது, வட்டி ஏறியது, வானம் இடிந்து விழவில்லை.

பணத்தைச் சேர்த்துவிட்டவருக்கும் திரும்பும் வழி குறுகலாக இருக்கிறது. ‘ரெஸ்யூமேல கேப் இருக்கே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?’ என்ற கேள்வி நேர்காணலில் தவறாது. வேலை மாறினாலும் மாறாத, வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண் 2014இல் வந்தபின் எந்த மாதம் சந்தா நின்றது என்பது வேலை கொடுப்பவர் சரிபார்க்கும் தகவலாகவும் ஆகிவிட்டது. தொழிலாளியின் பாதுகாப்புக்காகப் பிறந்த பதிவேடு அவருடைய ஓய்வுக்குச் சாட்சி சொல்கிறது. வேலைக்குப் போகாத நாற்பது வயது ஆணைப் பற்றி உறவினர்கள் பேசும் பேச்சோ இதைவிடக் கடுமை.

திட்டமிடாத இடைவெளி

1984இல் தொடங்கப்பட்ட சென்னை ஏற்றுமதி மண்டலத்தை எல்லோரும் மெப்ஸ் என்பார்கள். மெப்ஸ் தொழிலாளர்கள் ரயிலிறங்குவது சானடோரியம் நிலையத்தில். ஓய்வகத்தின் பெயர் கொண்ட நிலையத்தில் ஷிப்டுக்கு ஓடும் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆயத்த ஆடை, மின்னணு உதிரிப் பாகம் போன்ற தொழில்களில் பெண்கள் மிகுதி. ஒப்பந்த முறையில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு மாறுகிறவருக்கு ஒவ்வொரு மாற்றமும் பணித்தொடர்ச்சியின் முறிவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு உண்டு. ஆனால் நோய்ப் பயன் பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். இடைவெளி விட்டவர் திரும்பி வந்ததும் காய்ச்சலில் விழக் கூடாது.

ஆண் தொழிலாளருக்கும் இதே கதை வேறு வடிவில் வந்தது. ஃபோர்டு நிறுவனம் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022இல் ஓய்ந்தது. இழப்பீட்டுத் தொகையோடு ஒரு தலைமுறைத் தொழிலாளர்களுக்கு நீண்ட ‘ஓய்வு’ கிடைத்தது. கையில் பணமும் காலமும் இருந்தும் அதை ஒருவரும் சபாட்டிகல் என்று அழைக்கவில்லை. திரும்ப ஓர் இடம் இருப்பதுதான் இடைவெளியை வேலையின்மையிலிருந்து பிரிக்கிறது.

பெண்களுக்கு அந்தத் திரும்பும் இடத்தை அமைக்கச் சில முயற்சிகள் நடந்தன. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பணி முறிந்த பெண் அறிவியலாளர்களுக்கான திட்டத்தை 2002-03இல் தொடங்கியது. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000இல் நிறுவிய அவதார், படித்த பெண்களின் மறுவருகையைத் தன் களமாக்கிக்கொண்டது. டாடா குழுமம் 2008இல் இரண்டாம் பணிவாழ்வுத் திட்டத்தை அறிவித்தது. மூன்றும் மதிக்கத்தக்கவை. மூன்றும் பட்டதாரிகளுக்கானவை. தையல் இயந்திரத்தை விட்டுப் போன பெண் பத்தாண்டு கழித்துத் திரும்பும்போது புதிய ஆளாக, தொடக்கக் கூலியில் சேருகிறாள்.

எதிர்வாதங்களும் ஒரு கணக்கும்

இங்கே மூன்று மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். சிறு பட்டறைகளால் தாங்க முடியாது என்பது ஒன்று. பல்லாவரம், குரோம்பேட்டை பகுதியின் பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்தை நினைத்தால் அதில் உண்மை இருக்கிறது. இடைவெளி உரிமை வந்தால் அதைப் பெண்கள் தலையிலேயே கட்டி, பராமரிப்பு வேலையை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்பது இன்னொன்று. இது வெறும் அச்சமன்று. பெல்ஜியம் 1985இல் பணி இடைவெளித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, போனவர் இடத்தில் வேலையற்ற ஒருவரை அமர்த்த வேண்டும் என்று நல்ல நிபந்தனையும் வைத்தது. பயன்படுத்தியவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மூன்றாவது, நாற்பதைத் தாண்டியவர் வெளியே போனால் திரும்பவே முடியாது என்பது. விலகலை விடுப்பாக மாற்றினால் இந்த மறுப்பு பெரிதும் வலுவிழக்கும்.

செலவு எவ்வளவு? பத்தாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் என்ற ஆஸ்திரேலிய அளவை எடுத்துக்கொண்டால் அது ஊதியத்தில் சுமார் 1.67 சதவீதம். 20,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 333 ரூபாய். தொழிலாளி எந்த முதலாளியிடம் போனாலும் கூடவே செல்லும் கணக்காக இது இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்கை நடத்த நமக்கு அனுபவம் இல்லாமலில்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், நிலையான முதலாளியே இல்லாத தொழிலாளர்களுக்காகக் கட்டட மதிப்பில் வரி வசூலித்து நடக்கிறது. வைப்பு நிதியின் யுஏஎன் எண்ணோ நாடு முழுதும் தொழிலாளியைப் பின்தொடர்கிறது. இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும் அந்த எண்ணிலேயே இடைவெளிக்கான பணத்தையும் சேர்க்கலாம்.

இரண்டு மாதம் சாக்மைஸ்டரின் ஓராண்டு ஆகாது. ஆனால் பிரசவமோ மரணமோ ஆலைமூடலோ இல்லாமல், தானே தேர்ந்த இரண்டு மாதம் மெப்ஸ் தொழிலாளிக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அவருக்கு ஊதியத்துடன் கூடிய சிறிய இடைவெளி. தவணை கட்டும் ஊழியருக்கு ஊதியமில்லாவிட்டாலும் வேலை உறுதியுள்ள ஓராண்டு. ஏற்கெனவே எட்டு மாதம் சேர்த்து வைத்திருப்பவருக்கு அதை எடுக்கும் உரிமை. எல்லோருக்கும் ஒரே சட்டை தைக்கத் தேவையில்லை.

இதில் முதலடி வைக்கக்கூடியவர்கள் அரசு ஊழியர் சங்கங்களே. செலவில்லாத திருத்தம் அவர்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஓராண்டு முன்னறிவிப்புடன், பத்தாண்டுக்கு ஒருமுறை, ஈட்டிய விடுப்பில் ஆறு மாதம் வரை கேட்பவருக்கு மறுக்கக் கூடாது என்று விதி 67க்கு ஒரு விலக்கு. சரண் விடுப்பை ஐந்தாண்டு போராடி மீட்டவர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.